ஆறு மாதக் கெடுவும் மருத்துவமனைப் படுக்கையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் நாள்தோறும் வெளிவரும் சாலை விபத்துச் செய்திகளில் பெரும்பாலானவை 'போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்' என்ற வரியோடு முடிகின்றன. செய்தியாளரின் வேலை அங்கே முடிவது இயல்புதான். ஆனால் காயமடைந்தவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் சட்டம் என்னென்ன தருகிறது, அதை யாரிடம், எந்த நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதை அந்த வரிக்குப் பிறகும் எவரும் அவர்களிடம் சொல்வதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. அவற்றில் 1,68,491 பேர் இறந்தனர், 4,43,366 பேர் காயமடைந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடத்தில் இருந்தது 64,105 விபத்துகளைக் கண்ட தமிழ்நாடு. இறந்தவர்களைப் பற்றியாவது பேசுகிறோம். பிழைத்துக்கொண்டவர்கள் கணக்கில் ஓர் எண்ணாக நின்றுவிடுகிறார்கள்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமாகவும் செயல்பட்ட நீதிமன்றம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாக்கலாகும் மனுக்களைச் சரிபார்த்து, குறை இருந்தால் திருப்பி, குறை தீர்ந்தால் எண்ணிட்டுக் கோப்புக்கு எடுப்பது என் பணியின் பெரும்பகுதி. நீதிபதியின் இருக்கைக்கோ வழக்குரைஞரின் மேசைக்கோ போவதற்கு முன்பே காகிதங்களின் நிலையில் ஒரு வழக்கின் தலையெழுத்து பாதி எழுதப்பட்டுவிடுகிறது என்பதை அந்த இடத்தில் இருப்பவன் எளிதில் அறிவான். அந்த அறிவை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்; கடிதம் சற்று நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் காலக்கெடு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 166ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு தாக்கல் செய்யப்பட வேண்டும் என்றும், தக்க காரணம் காட்டினால் பன்னிரண்டு மாதம் வரை ஏற்கலாம் என்றும் முதலில் விதித்திருந்தது. இந்த விதியால் உண்மையாகவே பாதிக்கப்பட்டோர் பலர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட நிலையில், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நாடாளுமன்றம் அந்த உட்பிரிவை முழுவதுமாக நீக்கியது. அப்படி நீக்கியதன் பயன் ஏற்கெனவே நிலுவையில் இருந்த மனுதாரர்களுக்கும் சேர வேண்டும் என்று தன்னலால் எதிர் விஜய்வர்கியா வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் விளக்கமாகவே தீர்ப்பளித்தது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கெடு என்று ஒன்று இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதே ஆறு மாதத்தை மீண்டும் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் தாமதத்தை மன்னிக்க இருந்த சொற்கள்கூட இம்முறை பிரிவில் இல்லை.

ஆறு மாதம் என்பது அலுவலக மேசையிலிருந்து பார்த்தால் போதிய காலமாகத் தெரியலாம். தொடை எலும்பு முறிந்தவருக்குப் பிளேட் வைத்து, புண் ஆறி, ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கும்போதே அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. எலும்பு கூடாவிட்டால் இரண்டாம் அறுவை சிகிச்சை. தலையில் அடிபட்டவரின் நினைவும் பேச்சும் எந்த அளவுக்குத் திரும்பும் என்பதை மருத்துவரே அதற்குள் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊனம் எத்தனை விழுக்காடு என்ற சான்று, சிகிச்சை முடிந்து உடல் ஒரு நிலைக்கு வந்த பிறகே பொருளுள்ளதாகிறது. வீட்டில் சம்பாதிப்பவர் படுக்கையில்; மனைவி அவருக்குத் துணையாக மருத்துவமனையில்; பிள்ளைகள் உறவினர் வீட்டில். இந்த நிலையில் இருக்கும் குடும்பம் வழக்குரைஞரைத் தேடிப் போய், ஆவணங்களைத் திரட்டி, மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது, காயத்தின் கடுமை கூடக்கூட உரிமையைப் பெறும் வாய்ப்பைக் குறைப்பதாகவே முடியும். சிராய்ப்போடு தப்பியவர் கெடுவுக்குள் வந்துவிடுவார். முதுகுத்தண்டில் அடிபட்டவர்தான் வர மாட்டார்.

இந்த உட்பிரிவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தின் முன் உள்ளன. காலக்கெடு கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் இழப்பீட்டு மனுக்களைத் தீர்ப்பாயங்களும் உயர் நீதிமன்றங்களும் தள்ளுபடி செய்யக் கூடாது என 2025 நவம்பரில் அந்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது பெரிய ஆறுதல். ஆனாலும் இடைக்கால உத்தரவு இறுதித் தீர்ப்பு ஆகாது. அதை நம்பி யாரும் மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். சிகிச்சை முடியாவிட்டாலும், ஊனச் சான்று கிடைக்காவிட்டாலும், கையில் இருக்கும் காகிதங்களோடு மனுவைத் தாக்கல் செய்துவிடலாம். மற்றவற்றை விசாரணையின்போது சேர்த்துக்கொள்ள வழி உண்டு. எல்லாச் சான்றுகளும் வந்த பிறகுதான் வழக்கு போட வேண்டும் என்ற தவறான எண்ணம் மக்களிடையே ஆழமாக இருக்கிறது.

நான் வலியுறுத்த விரும்புவது இதன் அடுத்த பாதியை. கெடுவைக் கொண்டுவந்த அதே திருத்தம், பாதிக்கப்பட்டவர் தேடி வராவிட்டாலும் சட்டம் அவரைத் தேடிப் போகும்படி ஓர் ஏற்பாட்டையும் செய்தது. 159ஆம் பிரிவின்படி விபத்தைப் புலனாய்வு செய்யும் காவல் அலுவலர், மூன்று மாதத்துக்குள் விபத்துத் தகவல் அறிக்கையைத் தயாரித்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 166ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, அவ்வாறு வந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் கருத வேண்டும் என்கிறது. 2022இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் இதற்குப் படிப்படியான கெடுக்களையும் வகுத்துள்ளன: 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. விரிவான அறிக்கை கிடைத்த பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர் 30 நாளுக்குள் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். இவை ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்று கோஹர் முகமது வழக்கில் 2022 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் விரிவான கட்டளைகளை இட்டது.

அந்த விதிகளின் இணைப்பில் இரண்டாம் படிவம் என்று ஒன்று உள்ளது. சாலை விபத்தில் பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் இவை, இழப்பீடு பெறுவதற்கான நடைமுறை இவ்வாறு செல்லும் என்று விளக்கும் தாள் அது. விபத்து நடந்த பத்து நாளுக்குள் புலனாய்வு அலுவலர் அதைக் காயமடைந்தவரிடமோ, இறந்தவரின் வாரிசுகளிடமோ கொடுத்தாக வேண்டும். என் பணியின் இறுதிக் காலத்திலும், ஓய்வுக்குப் பின் தெரிந்தவர்களின் காகிதங்களைப் பார்த்துத் தரும் இந்நாள் வரையிலும், அந்தத் தாளோடு என் முன் வந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டவர்களும் மிகக் குறைவு. காவலர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. திருவிழா பாதுகாப்பு, வாகனச் சோதனை, நீதிமன்றச் சாட்சி என்று அலையும் நிலைய அலுவலருக்கு, குற்ற வழக்கின் குற்றப்பத்திரிகைதான் கண்முன் நிற்கும் வேலை. இழப்பீடு என்பது வக்கீல்களின் சங்கதி என்ற பழைய எண்ணம் மாற நாளாகும். இருப்பினும் சட்டம் அவர் கையில் கொடுத்துள்ள பொறுப்பு அது. கெடுவை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடித்து, கெடுவைப் பற்றிச் சொல்ல வேண்டிய தாளைக் கொடுக்காமல் விடுவது எந்த நியாயத்திலும் சேராது.

தாள் கிடைக்காத குடும்பத்தில் நடப்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. விபத்து நடந்தவுடன் கொண்டுபோகும் மருத்துவமனையில், 'எப்படி அடிபட்டது' என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அந்தப் பக்கத்தின் நகலைத்தான். காவல் நிலையம், சாட்சி என்று அலைய நேருமோ என்ற அச்சத்தில், உடன் வந்தவர் 'வண்டி சறுக்கித் தானாக விழுந்துவிட்டார்' என்று சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மோதிய வாகனத்தின் உரிமையாளரே உடன் வந்து, 'செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், கேஸ் வேண்டாம்' என்று சொல்லி அவ்வாறு எழுத வைப்பதும் உண்டு. முதல் வாரம் பணம் கொடுப்பார். இரண்டாம் வாரம் கைபேசியை எடுக்க மாட்டார். மாதங்கள் கழித்து இழப்பீட்டு மனு விசாரணைக்கு வரும்போது காப்பீட்டு நிறுவனத்தின் வழக்குரைஞர் முதலில் காட்டும் ஆவணம் அந்த ஒரு வரிதான். ஆகவே உண்மையில் நடந்ததை, வாகன எண் தெரிந்தால் அதையும் சேர்த்து, முதல் மருத்துவமனையிலேயே சொல்லுங்கள்; எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் அங்கும் அதையே சொல்லுங்கள்.

எஃப்.ஐ.ஆர். தாமதமாகிவிட்டதே என்று மனம் தளர்ந்து வழக்கையே விட்டுவிடுபவர்களும் உண்டு. அடிபட்டவரைக் காப்பாற்றுவதே எந்தக் குடும்பத்துக்கும் முதல் வேலை என்பதால், முதல் தகவல் அறிக்கை தாமதமானது என்பதை மட்டும் வைத்து உண்மையான இழப்பீட்டு மனுவை மறுக்கக் கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று எடைபோட்டுப் பார்ப்பதே தீர்ப்பாயத்தின் அளவுகோல். விபத்து வெளியூரில் நடந்திருந்தால் அங்கேயே போய் வழக்கு நடத்த வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. மனுதாரர் வசிக்கும் இடத்துக்கோ தொழில் செய்யும் இடத்துக்கோ உரிய தீர்ப்பாயத்திலும் மனு செய்யலாம்.

அடுத்து, எவ்வளவு என்ற கேள்வி. 'இரண்டு லட்சம் கிடைக்கும், வாங்கிக்கொண்டு போங்கள்' என்று யாரோ சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்கள், இழப்பீடு என்பது எவருடைய இரக்கத்தாலும் முடிவாவதில்லை, அதற்கென உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு முறை இருக்கிறது என்பதை அறிந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். 32 வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000 ரூபாய். விபத்தில் கால் ஊனமுற்று, அவருடைய உழைக்கும் திறனில் 40 விழுக்காடு போய்விட்டதாகத் தீர்ப்பாயம் முடிவு செய்கிறது. நாற்பது வயதுக்குக் குறைந்த, சொந்தமாக உழைத்துப் பிழைப்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பு. எனவே மாதம் 21,000. ஆண்டுக்கு 2,52,000. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று வயதுக்கேற்பச் சொல்லும் பெருக்கு எண், 31 முதல் 35 வயதுக்கு 16 என்பது 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பு. பெருக்கினால் 40,32,000; அதில் 40 விழுக்காடு 16,12,800 ரூபாய். இது வருங்கால வருமான இழப்புக்கு மட்டும். மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த கூலி, துணைக்கு இருந்தவருக்கான செலவு, போக்குவரத்து, சத்துணவு, பட்ட வலி, இனி அனுபவிக்க முடியாமல் போன வாழ்க்கை ஆகியவற்றுக்குத் தனித்தனியே தொகை உண்டு. மனு தாக்கலான நாளிலிருந்து வட்டியும் வழங்கலாம்.

இந்தக் கணக்கில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் அந்த 40 விழுக்காடு. மருத்துவச் சான்றில் உள்ள ஊன விழுக்காடும், பிழைப்பில் ஏற்பட்ட இழப்பின் விழுக்காடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறது. இடது கையை இழந்தவருக்கு உடல் ஊனம் ஏறத்தாழ 60 விழுக்காடு என மதிப்பிடப்படலாம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமானம் ஈட்டும் திறனில் இழப்பு ஏறக்குறைய முழுமையானது. அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம். ஆகவே என்ன வேலை செய்தீர்கள், அந்த வேலையில் எந்த உறுப்பு எதற்குத் தேவைப்பட்டது, இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 'முன்போல வேலை செய்ய முடியவில்லை' என்ற ஒற்றை வரியோடு சாட்சியம் முடிந்துபோன கோப்புகளை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். சாரம் ஏற முடியவில்லை, கலவைச் சட்டியைத் தூக்க முடியவில்லை, குந்தி உட்கார்ந்து பூச முடியவில்லை என்று சொல்ல அந்தக் கொத்தனாருக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

வருமானச் சான்று இல்லாதவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. காய்கறி வியாபாரி ஒருவர் காலை இழந்த சையத் சாதிக் வழக்கில், ஆவணம் இல்லை என்பதற்காக அவருடைய வருமானத்தைக் குறைத்து மதிப்பிட மறுத்து, மாதம் 6,500 ரூபாய் என எடுத்துக்கொண்டு, வருமான இழப்பை 85 விழுக்காடாகக் கணக்கிட்டது உச்ச நீதிமன்றம். இல்லத்தரசிகளுக்கு வருமானம் இல்லை என்று சொல்லி இழப்பீட்டைச் சுருக்குவதும் செல்லாது. அவர்கள் வீட்டில் செய்யும் உழைப்புக்கு மதிப்பிட்டே ஆக வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டின் கீர்த்தி தீர்ப்பில் உறுதியாகியுள்ளது.

மோதிய வாகனம் நிற்காமல் போய்விட்டால் எல்லாம் போயிற்று என்று நினைப்பவர்கள் பலர். 161ஆம் பிரிவின் கீழ், அடையாளம் தெரியாத வாகனத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. இதற்குத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டாம். வருவாய்த் துறையின் உரிய அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், இத்திட்டத்தை அறியாததால் விண்ணப்பிப்பவர்களே குறைவாக இருப்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள் வாகனம் கண்டறியப்படாவிட்டால் இந்த உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்குக் காவல் துறையே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. வாகனம் தெரிந்திருந்து, தவறு யாருடையது என்று நிரூபிப்பது கடினமாக இருந்தால், 164ஆம் பிரிவின் கீழ் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்ற நிலையான தொகையைக் கோரலாம். அந்த வழியில் போனால் தொகை அதற்கு மேல் போகாது என்பதால், எது நமக்கு ஏற்றது என்று ஆலோசித்த பிறகே முடிவு செய்வது நல்லது. சிகிச்சையைப் பொறுத்தவரை, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டத்தின்படி ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமின்றிப் பெறலாம். முதல் 48 மணி நேரத்துக்கான தமிழக அரசின் திட்டமும் இருக்கிறது.

கேட்பதற்குக் கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தம் வண்டியில் போய்த் தாமே விழுந்தவர், தம் வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் இழப்பீடு கேட்க முடியாது; பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்க்கப்பட்டிருந்தால் அதன் அளவுக்குத்தான் கேட்கலாம். இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்து போனவருக்கும், அந்த வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டுமே இருந்தால், அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து தொகை வராது. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த இவற்றை விலக்கச் சொல்லிப் பாலிசி எடுப்பவர்கள், நாளை பின்னால் அமரப் போவது தம் மனைவியோ பிள்ளையோதான் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் எதிர் வண்டியின் ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனம் உடைய வேண்டாம். முதலில் காப்பீட்டு நிறுவனம் செலுத்தி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடும் வழக்கம் 2004ஆம் ஆண்டின் சுவரண் சிங் தீர்ப்பிலிருந்து நிலைபெற்றிருக்கிறது.

தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கடிதம் முழுமையாகாது. சட்டம் சொல்ல வேண்டியவர்கள் வராத வார்டுக்கு முதலில் வருபவர்கள் அவர்கள்தாம். பழம் வாங்கிக்கொண்டு வந்து நலம் விசாரிப்பார்கள். செலவுக்குப் பணமும் கொடுப்பார்கள். வக்காலத்துப் படிவத்திலும் வெற்றுத் தாள்களிலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, சில வேளைகளில் பாதி என்று பேச்சு முடியும். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவதையும், தரகர் மூலம் வழக்குப் பிடிப்பதையும் இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. இந்தத் துறையில் நேர்மையாக உழைக்கும் வழக்குரைஞர்கள் பலரை நான் அறிவேன். மருத்துவரை அழைத்துச் சாட்சியம் பதிவு செய்ய அவர்கள் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். தரகரால் முதலில் கெடுவது அவர்களுடைய பெயர். போலி விபத்துகளும் போலிக் காயங்களும் புகுந்து, உண்மையாக அடிபட்டவனையும் தீர்ப்பாயம் ஐயக் கண்ணோடு பார்க்கும் நிலை வந்ததற்கும் இந்தத் தரகே பெரிய காரணம். இழப்பீட்டுத் தொகையை மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செலுத்தும் முறைக்கு வழிகாட்டி 2025 மார்ச்சில் பர்மிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதற்கு ஓரளவு மருந்து. ஆனால் முன்பே கையெழுத்திட்ட காசோலைகளைத் தரகரிடம் கொடுத்து வைத்திருப்பவருக்கு அந்த மருந்தும் வேலை செய்யாது.

தரகருக்கு மாற்று இருக்கிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், வருமான வரம்புக்கு உட்பட்டோர் அங்கே கட்டணமின்றி வழக்குரைஞரைப் பெறலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்வது விரைவானது. அங்கே முடிந்தவற்றுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் பணமும் இழுபறியின்றி வரும். அதே காரணத்தால், இன்னோர் அறுவை சிகிச்சை பாக்கியிருக்கும்போது அவசரப்பட்டு அங்கே ஒப்புக்கொள்வது ஆபத்து.

அரசைப் பற்றியும் ஒரு சொல். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் காப்பீடு எடுப்பதிலிருந்து சட்டம் விலக்குப் பெற வழி செய்துள்ளது. மாற்றாக இழப்பீட்டுக்கெனத் தனி நிதி வைத்திருக்க வேண்டும். அவ்வாறிருக்க, தீர்ப்பான தொகையைச் செலுத்தாததால் நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்தில் பேருந்தை ஜப்தி செய்யும் செய்தி தங்கள் நாளிதழிலேயே அவ்வப்போது படத்தோடு வருகிறது. பேருந்தைப் பிடித்து வைத்தால்தான் ஊனமுற்றவரின் பணம் வரும் என்ற நிலை அரசுக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை.

நான் கேட்பவை புதிய சட்டம் எதையும் வேண்டுவன அல்ல. இரண்டாம் படிவத்தை எளிய தமிழில் ஒரே தாளாக அச்சிட்டு, எல்லாக் காவல் நிலையங்களுக்கும் அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளுக்கும் அனுப்ப வேண்டும். ஏ.ஆர். காப்பி கொடுக்கும்போதே அந்தத் தாளையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, அந்த ஒப்புகையை விரிவான விபத்து அறிக்கையோடு தீர்ப்பாயத்துக்கு அனுப்பச் செய்ய வேண்டும். ஒப்புகை இல்லாத அறிக்கைகளைப் பற்றி மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் தீர்ப்பாயம் விளக்கம் கேட்டால், சில மாதங்களில் நடைமுறை தானாகச் சீராகிவிடும். காவல் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டாலே இவ்வளவும் நடக்கும்.

தங்களிடம் கேட்பது இன்னும் சிறிது. விபத்துச் செய்திகள் வெளியாகும் பக்கத்தில் வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதக் கெடு, 161ஆம் பிரிவின் தொகை, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் ஆகிய மூன்றையும் ஒரு சிறு கட்டத்துக்குள் வெளியிட இயலுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறேன். இரண்டாம் படிவத்தின் தமிழ் வடிவத்தை முழுப் பக்கமாக ஒரு முறை வெளியிட ஆசிரியர் குழு முன்வந்தால், வாசகர்கள் வெட்டி வைத்துக்கொள்ளும்படி அதைத் தயாரிப்பதிலும், பிரிவு எண்களைச் சட்ட நூலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதிலும் உதவ ஆயத்தமாக இருக்கிறேன். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் தங்கள் அலுவலகப் பார்வைக்காகத் தனித் தாளில் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர்